வெள்ளிக்கிழமை நிறுத்திய வாசல் சுவர்

மதிப்பிற்குரிய நார்த்தாமலை சம்பந்தி பெரியண்ணன் அவர்களுக்கு, திருவரங்குளம் சிவசாமி பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் பிரகதீஸ்வரியும் தகரக் கொட்டகையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும், ஒன்பது மாதக் கர்ப்பிணியான எங்கள் மகள் சுடர்விழியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிறு வளைகாப்பு முடிந்த கையோடு பிள்ளையைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவதாகச் சொன்னேன். அழைத்து வர வீடு இல்லை. இருபத்தொரு நாளில் வீடு என்ற ரெடிமேட் சுவர்க் கம்பெனியை நம்பி, இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டேன்.

சுவரெல்லாம் திருச்சிப் பக்கம் ஃபேக்டரியில் வார்த்து லாரியில் வரும், கிரேன் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான் என்றார் இன்ஜினியர் எழிலரசன். அவ்வளவுதான்னு சொன்ன மனுசனை அஞ்சு நாளாக் கண்ணுல காணோம். ஒழுங்காக நடந்தது ஒன்றே ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணி நல்ல நேரத்தில், நிலையோடு வார்த்து வந்த வாசல் சுவரை நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தேன். அதுக்கப்புறம் கிரேன்காரர் பீட்டர் வேலையாகாதுன்னு வண்டிய ஓரங்கட்டிட்டாரு. மத்த சுவரை ஏத்தி வந்த லாரி இறக்க வழியில்லாம தெருவுலயே நிக்கிது. அந்த லாரிதான் அடுத்து ஆவூர் அடைக்கலமேரி டீச்சர் வீட்டுக்குச் சுவர் ஏத்தணுமாம். அவங்க பழைய கூரையைப் பிரிச்சுப்புட்டு உக்காந்திருக்காங்க, நேத்து மழை வேற. டீச்சர் சுவர் கிளம்பாததால ஃபேக்டரியில வைக்க இடமில்ல, இடமில்லாததால எங்க கூரையை வார்க்கவே இல்லையாம். ஃபேக்டரிக்குப் போன் போட்டா லாரியைக் கேளுங்கறாங்க, லாரிக்காரரு கிரேனைக் கேளுங்கறாரு, கிரேன்காரரு என்னைய ஒரு மாதிரியாப் பாக்குறாரு. எங்கயோ ஒருத்தன் பண்ற தப்பு எத்தனை வீட்டுல போயி விழுகுது பாருங்க.

ஆகவே, பிரசவத்தை அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பெண்ணைப் பெற்றவன் இதைக் கேட்கக் கூடாது. வெட்கமாக இருக்கிறது.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
சிவசாமி

பி.கு.: கவரை ஒட்டுமுன்ன பிரகதீஸ்வரி வாங்கிப் படிச்சா. "நெலைய முதல்ல நிறுத்தச் சொன்னது யாருன்னு ஏன் எழுதல?"ன்னு கேட்டா. எழுதிடுறேன். எங்க இடத்துக்கு ரெண்டு பக்கமும் வீடு, முன்பக்கம் மட்டுந்தான் கிரேனுக்கு வழி. வாசல் சுவர் கடைசியாத்தான் நிக்கணும்னு எழிலரசன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நெலைதான் முதல்லன்னு நாந்தான் கத்துனேன். கழட்டிருவோம்னு கேட்டதுக்கும் மறிச்சேன். அந்த மனுசன் ஆவூர்ல டீச்சர் வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருக்காராம். நாளைக்குச் சுவரைக் கழட்டுறோம். மேல எழுதுனதைக் கிழிச்சுப்போடுங்க. புதுக்கோட்டையில பெரியாஸ்பத்திரி பக்கம் பிரகதீஸ்வரி வாடகைக்கு வீடு பிடிச்சுட்டா. ஞாயித்துக்கெழமை பிள்ளையைக் கூப்பிட வாரோம். அந்த வீட்டு வாசல் தெக்கப் பாத்ததுதான். இருந்துட்டுப் போகட்டும், எனக்கு எம்மக வந்தாப் போதும்.