முகம் தெரியாத வரைக்கும்

போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டு மைக்கம்மா தொண்டையைக் கனைத்தாள். கூடத்தின் குறுக்கே கொடி கட்டி அந்தப் போர்வையைத் தொங்கவிட்டது அவள் கணவன். இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பெருங்கூட்டமாக நடித்துக்கொண்டிருந்தவனும் அவனேதான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..." என்று கணீரென்று ஆரம்பித்தாள்.

"பயணிகள் எங்கடி வந்தாங்க? பணியாளர் கூட்டத்துல பேசப் போற!"

"வாயில தானா வருதுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு செய்யும் அவள் குரலைக் கேட்காத காது கிடையாது. ஆனால் ஒரு முகம் எதிரே தெரிந்தால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அறிவிப்பு அறைக் கண்ணாடி முழுக்க அட்டை ஒட்டி வைத்திருந்தாள். புதிதாக வந்த மேனேஜரைக்கூட அவள் பார்த்ததில்லை. தினமும் இன்டர்காமில், "ஒரு அறிவிப்பு, எழுதிக்கோங்கம்மா" என்று அவர் மூக்கால் பேசுவார். இவள் எழுதிக்கொள்வாள். பழக்கம் அவ்வளவுதான்.

இப்பேர்ப்பட்டவளைக் கூட்டத்தில் பேச வைத்தே தீருவது என்று கிளம்பியிருந்தாள் கணவனின் அக்கா. அதே நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர் அவள். பிடித்தால் விடமாட்டாள்.

விஷயம் இதுதான். பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். காவலுக்கு ஆள் கிடைக்காத பெண் கண்டக்டர்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். கூட்டத்தில் மட்டும் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"நீ வாயைத் தொறந்தா மத்த பொண்ணுங்களும் தொறக்கும்" என்றாள் ஒத்திகை பார்க்க வந்திருந்த அக்காக்காரி. "ஊருக்கே உன் குரல் தெரியும்."

"குரல்தானே அண்ணி தெரியும்? மூஞ்சி தெரியாதே!"

"கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கலாம். தம்பி, போர்வையில ரெண்டு ஓட்டை போடு."

தம்பி சமர்த்தாக ஓட்டை போட்டு, அதில் கண்ணையும் வைத்தான். பேச்சு நடுவில் போர்வை தன்னை உற்றுப் பார்ப்பதைக் கண்ட மைக்கம்மா, வீடு அதிர ஒரு அலறல் அலறி, போர்வையைப் பிடித்து இழுத்தாள். கொடி அறுந்தது. நாற்காலியோடு கணவன் குப்புற விழுந்தான்.

"ஐயோ, என்னாச்சு?" என்று மாடி வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு ஓடி வந்தார்கள்.

"நல்லதாப் போச்சு, எல்லாரும் உக்காருங்க. ஒரு பேச்சு இருக்கு" என்று அக்காக்காரி அவர்களையும் மடக்கிப் போட்டாள்.

மைக்கம்மா அவர்கள் எதிரே வந்து நின்றாள். "நம்ம நிலையத்துல... பெண்கள்... கழி... கழி..." என்று இழுத்தவள், சட்டென்று, "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று கைகூப்பிவிட்டு, சமையலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்தக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் கணவன் வீங்கிய முழங்காலோடு கதவருகே வந்து உட்கார்ந்தான்.

"வேணாம்டி. உன்னை இப்படிப் படுத்தியிருக்கக் கூடாது. வேற யாராவது பேசட்டும்."

உள்ளேயிருந்து சின்னக் குரலில் பதில் வந்தது.

"வேற யாருங்க பேசுவா? புதுசா வந்திருக்கே ஒரு கண்டக்டர் பொண்ணு, நேத்து என் ரூம் வாசல்ல நின்னு, 'அக்கா, கொஞ்சம் காவலுக்கு வரீங்களா'ன்னு கேட்டுச்சு. வண்டி கிளம்புற நேரம். நான் மைக்கை விட்டுட்டுப் போக முடியல. அது அழாத குறையா வண்டி ஏறிடுச்சு."

கணவனுக்கு அவள் மேல் இருந்த பாசம் இன்னும் ஒரு பங்கு கூடியது. எழுந்து போய் அக்காவிடம் ஏதோ குசுகுசுத்தான்.

"நாளைக்குத்தானே கூட்டம்?" என்று வந்தாள் அக்காக்காரி. "இன்னிக்கு சாயங்காலம் கூட்டம் நடக்கற ஹால்லயே ஒரு ஒத்திகை வெச்சுக்கலாம். தப்பானாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நாற்காலியை நிரப்ப நம்ம ஆளுங்களைக் கூப்பிட்டிருக்கேன்."

சாயங்காலம் ஹால் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர்.

"அவரு யாரு அண்ணி?"

"மேனேஜரா நடிக்க வந்தவரு. வாயே தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவரைப் பார்த்தே பேசு."

ஒத்திகைதானே என்று மைக்கம்மா துணிந்து மேடையேறினாள். கணவன்தான் ஏனோ அவளைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தான்.

"பயணிகளின் கனிவான..." என்றாள். ஹால் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அதோடு நாக்கு அவிழ்ந்துகொண்டது.

"ஐயா, உங்க ரூம் கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாளாமே! உள்ள ஃபைல்தானே பார்க்குறீங்க? அதை யாராவது எட்டிப் பார்த்தா மானமா போயிடும்? ஒரே ஒரு நாள் எங்க கழிவறைக்கு வாங்க. ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து பாருங்க. அப்பத் தெரியும் எங்க பாடு!"

வழுக்கைத் தலை சிவந்தது. அவள் விடவில்லை. "நான் மட்டும் சொன்னா போதாது. நீயும் எந்திரிச்சுச் சொல்லும்மா" என்று புது கண்டக்டர் பெண்ணைப் பார்த்துக் கை நீட்டினாள். அந்தப் பெண் எழுந்தாள். "அக்கா சொல்றது நிஜம்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, பின்வரிசையில் மூன்று பேர். கைதட்டலில் ஹால் அதிர்ந்தது.

இறங்கி வந்த மைக்கம்மா பூரித்துப்போய், "என்னமா நடிக்கிறாரு அண்ணி அந்த மனுஷன்! மூஞ்சி அப்படியே சுருங்கிடுச்சு. நாளைக்கும் இதே மாதிரி பேசிட்டேன்னா போதும்" என்றாள்.

அக்காக்காரி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வழுக்கைத் தலைக்காரர் மேடையேறி, கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டு, மைக்கைப் பிடித்து மூக்கால் பேசினார்.

"ஒரு அறிவிப்பு, எழுதிக்கோங்கம்மா. நாளைக்கு இருந்த கூட்டம் இன்னிக்கே முடிஞ்சுது. பெண்கள் கழிவறைக்கு நாளைக் காலையில தாழ்ப்பாள் வருது, என் ரூம்ல இருக்கற ரெண்டுல ஒண்ணைக் கழட்டியாவது."