சகலை சொன்ன சொல்

பீடியை நான் ஜெயித்துவிட்டேன். நாற்பத்தெட்டே நாளில், யார் துணையும் இல்லாமல். உடம்புக்காக விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் சகலை மலைச்சாமியின் மூக்கை உடைக்கத்தான் விட்டேன்.

அவன் என் மனைவி மாரிக்கனியின் அக்காள் புருசன். திருவில்லிபுத்தூர்க்காரன். பதினோரு வருசத்துக்கு முன்னால், மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை எல்லோருக்கும் கீழே, அச்சாபீஸ் பெயருக்கு ஒரு வரி மேலே போட்டான். அந்தப் பத்திரிகை இன்றும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கோபம் ஆறுவதுபோல் தோன்றினால் எடுத்து எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அவன் வாசலை நாங்கள் மிதிக்கக் கூடாது என்று அன்றே சட்டம் போட்டேன். மாரிக்கனி மறுபேச்சு பேசவில்லை.

பீடிக்கு வருகிறேன். ராஜபாளையம் மில்லில் முப்பது வருசம் என்னோடு ஒரே தீக்குச்சியில் பற்றவைத்தவன் பால்துரை. கடைசியில் மூக்கில் குழாயோடு கிடந்தான். பேச மூச்சில்லை. என்னைப் பார்த்ததும் இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். அப்போதும் ஒரு பீடிதான் கேட்டான். அவனைக் கல்லறையில் வைத்துவிட்டு வெளியே வந்ததும் நான் செய்த முதல் காரியம், ஒன்று பற்றவைத்தது. அப்படிப்பட்ட சனியன் அது.

பிறகு எனக்கும் இருமல் பிடித்தது. டாக்டர் என் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் அடுத்த வருசம் அதே குழாய்தான் என்றார். மாரிக்கனி அழுதாள். சாப்பிடாமல் கிடந்தாள். பீடிக்கட்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள். நான் வெயிலில் காயவைத்துக் குடித்தேன்.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"அத்தான் ஒங்களப் பத்தி ஒண்ணு சொன்னாவளாம்."

"என்ன சொன்னானாம்?"

"விடுங்க, எதுக்கு வம்பு."

"சொல்லுட்டி."

"பீடிய விடுறதுக்குள்ள பாடையில போயிருவான், அவன் ஒரு மண்டலம் தாங்கிட்டா நான் மீசைய எடுத்துருதேன்னு."

வாயில் இருந்த பீடி சாக்கடைக்குப் போனது.

முதல் வாரம் தலையணையைக் கடித்தேன். இரண்டாம் வாரம் மாரிக்கனியைக் கடிக்காத குறை. தோற்றுவிடலாம் என்று தோன்றியபோதெல்லாம் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். முப்பதாம் நாள் இருமல் நின்றது. நாற்பதாம் நாள் ரசத்தில் பெருங்காயம் மணத்தது.

நாற்பத்தெட்டாம் நாள் மாரிக்கனி அய்யனார் கோவிலுக்குப் போவதாகக் காலையிலேயே கிளம்பினாள். நான் சலவை வேட்டி கட்டி, சட்டைப்பையில் ஒரு சவர பிளேடோடு திருவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

மலைச்சாமி வாசலில் உட்கார்ந்திருந்தான். சங்கிலியில் கிடந்த ராஜபாளையம் நாய் என் குரல்வளைக்குத் தாவியது. பழகாதவர்களை அது விடாது. சுற்றி வந்து பிளேடை நீட்டினேன்.

"மீசைய எடு சகல. ஒரு மண்டலம் முடிஞ்சுபோச்சு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீயில்லா எடுக்கணும்? நான் பீடிய விட்டு இன்னையோட நாப்பத்தெட்டு நாளு. என்னால முடியாதுன்னு நீ சவால் விட்டியாம்லா?"

"நான் எப்ப விட்டேன்? நீதான் என்னையப் பாடையில ஏத்துன."

"ஒம்பேச்ச எடுத்தே பதினோரு வருசமாச்சு. ஒனக்கு யாரு சொன்னா?"

"எம்பொண்டாட்டி. ஒனக்கு?"

"எம்பொண்டாட்டி."

பதினோரு வருசத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பினோம். உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் காப்பியோடு மாரிக்கனி வந்தாள்.

நாய் குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலடியில் போய்ப் படுத்தது.