ராஜாவின் ரீடரில் திறக்காத பட்டியல்

ஒரு காட்டில் பசிக்குக்கூட ஒரு விதிமுறை இருந்தது. சிங்கராஜா மூன்று நாளைக்கு ஒரு பிராணியைத்தான் சாப்பிடலாம். யாரை என்று காட்டுச் சபை பட்டியல் போட்டுக் கொடுக்கும். ராஜா அந்தப் பெயரைத் தன் கண்ணால் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் படிக்காவிட்டால் அந்தப் பெயர் ரத்து. அடுத்த பெயருக்குப் போய்விட வேண்டியதுதான். முன்பெல்லாம் நரிதான் படித்துச் சொல்லும். தன் பெயர் வரும்போது மட்டும் அதற்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் இந்த ஏற்பாடு.

ராஜாவுக்குக் கண் மங்கியது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம் என்று யாரோ சொல்ல, மின்னூல் ரீடர் ஒன்று வாங்கினார். பழைய மாடல். மோபி வகைக் கோப்பைத் திறக்கும்; பிடிஎஃப்பை வேண்டாவெறுப்பாகத் திறக்கும். வேறு எதையும் சீண்டாது.

பட்டியலைத் தட்டச்சு செய்வது முயலம்மாவின் வேலை. இந்த முறை முதல் பெயரே அவளுடையது. வளையில் கண் திறக்காத ஐந்து குட்டிகள். பெயரை எடுத்துவிட்டால் சபை கண்டுபிடித்துவிடும். அவளுக்குச் சாக விருப்பமில்லை. ஆகவே ஓர் எழுத்தையும் மாற்றாமல், பட்டியலை ஈபப் வகையில் சேமித்து அனுப்பினாள்.

'இந்தக் கோப்பு வகை ஆதரிக்கப்படவில்லை' என்றது ரீடர்.

"யார் ஆதரிக்கலை? யானைக் கூட்டமா?" என்று ராஜா உறுமினார்.

"அது வேற வகைக் கோப்புங்க ராஜா. பேருக்குப் பின்னால புள்ளி வச்சு ஈபப்னு இருக்கு பாருங்க," என்றாள் முயலம்மா.

"அந்த வால்தானே பிரச்சினை?" ராஜா வாலை அழித்துவிட்டு மோபி என்று எழுதினார். கழுதைக்கு மயில்தோகையைக் கட்டினால் அது ஆடாது என்பது காட்டில் பிறந்தவருக்குத் தெரியாததல்ல. பதவிக்கு வந்தால் மறந்துவிடுகிறது. கோப்பு திறக்கவில்லை.

இரண்டாம் நாள் முயலம்மா பிடிஎஃப் கொடுத்தாள். திறந்தது. எழுத்து எறும்பு அளவு. பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போயிற்று. ராஜா இடமும் வலமும் தள்ளித் தள்ளியே சாயங்காலமாகிவிட்டது.

மூன்றாம் நாள் மோபியிலேயே கொடுத்தாள். எழுத்துருவை உள்ளே வைக்க மட்டும் மறந்துவிட்டாளாம். ரீடருக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது. பட்டியல் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. ராஜா "கட்டம்" என்று உரக்கப் படித்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தார். யாரும் வரவில்லை.

அப்போதுதான் முள்ளம்பன்றியார் வந்தார். கோப்பு வேலையில் காட்டிலேயே கெட்டிக்காரர். யாரும் கூப்பிடாமலே வருவார்.

"அண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? பேசாம வீட்டுக்குப் போங்களேன்," என்றாள் முயலம்மா.

"ஒரு கோப்பு தொறக்காம கிடந்தா எனக்குச் சோறு இறங்காது தங்கச்சி."

ஒரே மணி நேரத்தில் எழுத்துருவை ஏற்றினார். கட்டங்கள் எழுத்துகளாயின. முயலம்மா வானத்தைப் பார்த்தாள். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"அண்ணே, ஒரு கொம்பு எழுத்துக்குப் பின்னால போயிருக்கு. ராஜா பார்க்கிறப்ப அசிங்கமா இருக்காதா?"

முள்ளம்பன்றியாரின் முகம் வாடியது. மறுபடி உட்கார்ந்தார். கொம்பு சரியானதும், புள்ளி கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்றாள். அதற்கப்புறம் வரி இடைவெளி. அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். எழுத்து உடைந்திருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அந்த வேலை பார்ப்பவர்கள் யாரும் படிப்பதில்லை.

அவர் நிமிர்ந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. முயலம்மாவின் பெயர் ரத்து. அவள் அழுதேவிட்டாள். அண்ணனின் முகத்தைப் பார்க்கத்தான் தைரியமில்லை. பட்டியலைத் தட்டச்சு செய்தவளுக்கு இரண்டாவது பெயர் தெரியாதா என்ன?

முள்ளம்பன்றியார் ரீடரைத் துடைத்து ராஜாவிடம் நீட்டினார். "இப்ப எழுத்து தெளிவா தெரியுதுங்களா ராஜா?"

ராஜா இரண்டாவது பெயரைப் பெரிதாக்கினார். உரக்கப் படித்தார்.

"உன் பேர் ரொம்பத் தெளிவா இருக்குப்பா," என்றார்.

நீதி: மேலிடத்தின் கருவியில் ஒரு கோப்பு திறக்கவில்லையென்றால், உங்களுக்குக் கணினி தெரியாது.