நாலாவது லைட்

நாலாவது லைட்டும் எரிந்துவிட்டது. அதுவும் சிவப்பாக.

கணேசலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, மோட்டர்ஹோம் சுவரிலிருந்த அந்தச் சின்னப் பலகையை விரலால் தட்டினார். சிவப்பு அசையவில்லை. கழிப்பறை டாங்க் நிரம்பிவிட்டது என்று அது அடித்துச் சொன்னது.

"இருக்கவே இருக்காது," என்றார்.

"என்னப்பா இருக்காது?" பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்த யோகராணி கேட்டாள்.

"தொண்ணூறு லிட்டர் டாங்க். நாலு பேருக்கு மூண்டு நாள் காணும் எண்டு புத்தகத்தில கிடக்கு. நாங்கள் நேற்று மத்தியானம்தானே வந்தனாங்கள்!"

"அப்ப கொண்டுபோய் ஊத்திப்போட்டு வாங்கோவன்."

அதைத்தான் அவரால் செய்ய முடியாது. மெல்பேர்னில் டண்டினொங் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் அளவுக்கருவிகளைத் திருத்தியவர். பொய் சொல்கிற மீட்டருக்குப் பணிந்து போவதா?

அதுவும் இந்தப் பயணத்தில். மகன் கஜீவனுக்குப் பேசியிருக்கும் சிவாஜினியின் தாயும் தகப்பனும் சிட்னியிலிருந்து வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்புவதற்குள் கலியாண நாளைக் குறிப்பதாக ஏற்பாடு. கடற்கரையில் மோட்டல் எடுக்கலாம் என்றுதான் தகப்பன் கோபாலகிருஷ்ணன் சொன்னார். கணேசலிங்கம் விடவில்லை. "வீட்டையே கொண்டு போறம் அண்ணை. கட்டில், குசினி, டொய்லெட் எல்லாம் உள்ளுக்க இருக்கு. ஒண்டுக்கும் வெளியில அலையத் தேவையில்லை."

எல்லாம் உள்ளேதான் இருந்தது. கழிப்பறைக் கதவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஒரு முழம் இடமும் இருந்தது.

சம்பந்திகள் கரவன் பார்க்கின் பொதுக் குளியலறைகளின் பக்கமாகக் காலை நடை முடித்து வந்து மேசையில் அமர்ந்தார்கள். நேற்றிலிருந்து இது ஐந்தாவது நடை. கடற்காற்று பிடித்துவிட்டது போலும் என்று கணேசலிங்கத்துக்குப் பெருமை.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நேற்றையில இருந்து டொய்லெட்டுக்கு எத்தினை தரம் போனனீங்கள்?"

கோபாலகிருஷ்ணன் பள்ளி அதிபராக இருந்தவர். கேள்வி கேட்டுத்தான் பழக்கம். பாணை அப்படியே வைத்துவிட்டார். "நாலு," என்றார்.

கணேசலிங்கம் அவர் மனைவி ரஞ்சினியைப் பார்த்தார். வந்ததிலிருந்து பத்து வார்த்தை பேசாத மனுஷி. மூன்று விரலைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

யோகராணி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். அவர் நிறுத்தினால்தானே?

"நீர் எத்தினை?" என்று அவளையும் கேட்டார்.

"நாலு. போதுமே?"

"நான் மூண்டு. மொத்தம் பதினாலு. பெடலை ஒருக்கா மிதிச்சா ஒரு லிட்டர். எப்பிடிப் பார்த்தாலும் இருவது லிட்டர் வராது. மீட்டர்தான் பொய் சொல்லுது!"

அவருடைய வெற்றியில் பங்குகொள்ள மேசையில் யாருமில்லை.

சென்சரில் அழுக்குப் பிடித்திருக்கும், டாங்குக்குள் ஒரு பை ஐஸைக் கொட்டி வளைந்து வளைந்து ஓட்டினால் உரசிச் சுத்தமாகிவிடும் என்று யூடியூபில் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சம்பந்திகளையும் ஏற்றிக்கொண்டு கடலோர வீதியில் நாற்பது வளைவுகள் போனார். இருபதாவது வளைவில் ரஞ்சினி பிளாஸ்டிக் பை கேட்டாள். திரும்பி வந்து பார்த்தால் அதே சிவப்பு.

சரி, ஒழுங்காகக் கணக்கெடுத்துவிடுவோம் என்று மத்தியானம் கழிப்பறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார். பெயர், நேரம், சின்னது, பெரியது என்று நாலு நிரல். பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். யோகராணி அதைக் கண்டதும் வெளியே போய் மரத்தடியில் நின்று அழுதாள்.

கோபாலகிருஷ்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"கணேஸ், பிள்ளையளின்ர விசயத்தை நாங்கள் சிட்னிக்குப் போய் ஆறுதலா யோசிப்பம்."

ஆறுதலாக யோசிப்பது என்றால் என்னவென்று கணேசலிங்கத்துக்குத் தெரியாதா? கஜீவனுக்கு முப்பத்துநாலு வயது. மூன்று சம்பந்தம் தட்டிப்போய், இந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னால்தான் அவன் முகத்தில் சிரிப்பே வருகிறது. அதைத் தகப்பனே கெடுத்துவிட்டான்.

இந்த ஒரு லைட் அணைந்தால் போதும். தான் பைத்தியக்காரன் இல்லை என்று காட்டிவிடலாம், தாளைக் கிழித்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம். கடைசி முயற்சியாக, பாத்திரம் கழுவும் திரவத்தில் அரைப் போத்தலையும் ஒரு வாளி சுடுதண்ணீரையும் உள்ளே ஊற்றிக் கதவைச் சாத்தினார்.

முதலில் ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம். பிறகு கதவின் கீழே நுரை எட்டிப் பார்த்தது. நுரைக்குப் பின்னால் தண்ணீர். அது சாவகாசமாகத் தரைவிரிப்பைக் கடந்து, மேசையருகே அமர்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கோபாலகிருஷ்ணனின் இரண்டு காலுறைகளையும் நனைத்தது.

அவர் கீழே பார்த்தார். பிறகு கணேசலிங்கத்தைப் பார்த்தார். பேப்பரை மடித்தார்.

கணேசலிங்கம் குளிக்கிற துவாயை இழுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது. கண்ணும் அப்படித்தான்.

"அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எல்லாரின்ர அசிங்கமும் உங்கட காலில..." துவாயைப் பிழிந்தார். "என்ர பிழைக்கு அவனைத் தண்டிச்சுப்போடாதேங்கோ."

வாசலில் வந்து நின்ற யோகராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரஞ்சினி எழுந்து வந்து, அவர் கையிலிருந்த துவாயை மெல்ல வாங்கினாள்.

"அழாதேங்கோ அண்ணை, உங்கட பங்கைத் தவிர மிச்சமெல்லாம் வெறும் தண்ணிதான், உங்கட மனம் நோகக்கூடாதெண்டு, உள்ளுக்க போய்ப் பெடலை மிதிச்சபடி நூறு எண்ணிப்போட்டுச் சும்மா வெளியில வாங்கோ எண்டு முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தந்தது யோகராணியக்காதான்."