ஏழாவது கேள்விக்கு எல்லாருக்கும் மார்க்

"டியூ டு போட்டா என்ன சார் தப்பு?"

மடித்த விடைத்தாளை ஆங்கில வாத்தியாரின் மேசையில் வைத்து, ஏழாவது கேள்வியை விரலால் தட்டினார் ஒரு பையனின் அம்மா. மழை காரணமாக ஆட்டம் நின்றது; கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். 'பிகாஸ் ஆஃப்'தான் சரி என்று கைடில் இருந்தது. அந்த வட்டாரத்து ஆங்கில வாத்தியார்கள் அத்தனை பேரும் கேள்வி எடுப்பது அதே கைடில்தான்.

மறுநாள் வாத்தியாரைத் துறைத் தலைவராக அறிவிக்கப் போகிறார்கள். எத்தனையோ வருட ஆசை. இந்த நேரத்தில் புகார் வரலாமா?

"தப்பே இல்லம்மா," என்றவர், மார்க் போட்டுக் கையெழுத்தும் வைத்தார். நியாயம் என்றால் எல்லோருக்கும் நியாயம். வகுப்புக்குப் போய், 'டியூ டு' எழுதிய எல்லோருக்கும் மார்க் உண்டென்று அறிவித்தார்.

மதியம் ஓர் அப்பா வந்தார்.

"என் பொண்ணு பிகாஸ் ஆஃப்னு கரெக்டா எழுதியிருக்கா. அவளுக்கும் அதே மார்க்தானா?"

"அவளுக்கு அரை மார்க் கூடுதல். சந்தோஷமா?"

அவர் சந்தோஷமாகத்தான் போனார். வெறும் 'பிகாஸ்' எழுதியவர்களின் பெற்றோர் கூட்டமாக வந்தார்கள்.

"எங்க பசங்களும் காரணத்தைத்தானே சார் எழுதியிருக்காங்க?"

வாத்தியார் அசரவில்லை. "கேள்வியே ரத்து. எல்லாருக்கும் முழு மார்க்."

பின்னால் நின்ற ஒருவர் கை தூக்கினார். "என் பையன் அன்னிக்கு லீவு. எல்லாருக்கும்னா அவனுக்கும் உண்டுதானே?"

அதற்குள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

"ஒரு கேள்வியைத் திருத்தத் தெரியல, நீங்க ஒரு துறையைப் பார்த்துக்கப் போறீங்களா? பொறுப்பை வேற டீச்சருக்குக் குடுத்தாச்சு. ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க."

வாத்தியார் பேனாவை எடுத்தார். காரணம் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. 'இப்பள்ளி மாணவனின் தாயார் அளித்த நியாயமான புகாரே காரணம்' என்று அழுத்தி எழுதிக்கொண்டிருந்தபோது அட்டெண்டர் எட்டிப் பார்த்தார்.

"சார், காலைல வந்த அம்மா திரும்பி வந்திருக்காங்க. இது யார் கையெழுத்துன்னு அவங்க பையன் படிக்கிற பக்கத்து ஸ்கூல்ல கேக்குறாங்களாம்."