எனக்குப் பேன் இருக்கிறதா, இல்லையா?

இந்த ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்குப் போவதில்லை என்று வீராவேசமாக முடிவெடுத்துவிட்டேன், மனதுக்குள். காலாப்பட்டில் என் மைத்துனன் இளம்பரிதியின் மகனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். எனக்கோ நண்பர்களோடு நோணாங்குப்பத்தில் படகில் போக ஆசை. வெளியே சொல்லத்தான் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை என் மகள் கவிநிலா பள்ளியிலிருந்து அதைக் கொண்டுவந்தாள். அவள் தலையில் பேன். வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள் என்று டீச்சர் டைரியில் எழுதியிருந்தார்.

என் மனைவி தீபலட்சுமி மகளின் தலையை நனைத்து, பேன் சீப்பால் வாரி, வெள்ளைத் துண்டில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று தலையைச் சொறிந்தேன்.

"தீபா, எனக்கும் ஒட்டிக்கிச்சு போல."

"தலையைக் காட்டுங்க."

"அதெல்லாம் வேணாம். பத்து, இருபது இருக்கும்."

"எண்ணிட்டீங்களா?"

"நடக்கறது தெரியுதே. சின்னக் குழந்தை இருக்கிற இடத்துக்கு இந்தத் தலையோட எப்படி வர்றது? ஞாயித்துக்கிழமை நான் வரல."

"நியாயந்தான்" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. பயமாக இருந்தது. அதைவிட விநோதம், அன்று முதல் நிஜமாகவே அரிக்க ஆரம்பித்துவிட்டது. பொய் சொன்னதால் அரிக்கிறதா, பேனால் அரிக்கிறதா? கண்ணாடியில் பார்த்தேன். இருக்கிறதென்றும் தெரியவில்லை, இல்லையென்றும் தெரியவில்லை. மருந்து போட்டால் பேன் போய்விடும். பேன் போனால் காரணமும் போய்விடும். மூன்று நாள் சொறிந்துகொண்டே குழம்பினேன்.

ஞாயிறு காலை தீபா சொன்னாள்: "நானும் கவியும் மருந்து போட்டு வாரியாச்சு. நீங்க உள்ள வர வேணாம். கோயில் வாசல்ல இறக்கிவிட்டுட்டுப் போயிடுங்க."

இறக்கிவிட்டேன். வண்டியைத் திருப்புவதற்குள் இளம்பரிதி மாலையோடு ஓடிவந்தான்.

"மாமா, அக்கா வியாழக்கிழமையே சொல்லிடுச்சு. பையனுக்குத் துணையா நீங்களும் மொட்டை போடறதா வேண்டிக்கிட்டீங்களாமே."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்குள் மாமியார் கன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு மருமகன் யாருக்கு வாய்ப்பாரு?"

இனி எப்படி மாட்டேன் என்பது? தீபாவைப் பார்த்தேன்.

"பேனுக்கும் இதுதாங்க நல்லது. மருந்தே வேணாம்" என்றாள் காதோரம்.

பலகையில் உட்கார்ந்தேன். வழுக்கையை மறைக்க இடது காதுக்கு மேலிருந்து பத்து வருஷமாக வளர்த்து வாரிய முடி மடியில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. குழந்தையும் அழுதது. எல்லோரும் குழந்தையை மட்டும்தான் சமாதானப்படுத்தினார்கள்.

மொட்டை போட்டவர் கத்தியைத் துடைத்தார். "சுத்தமான தலைங்க. ஒரு பேன், ஒரு ஈர் கிடையாது."

"தெரியுங்க" என்றாள் தீபா. "வியாழக்கிழமை டிவி முன்னாடி தூங்கினாரு. அப்பவே வாரிப் பாத்துட்டேன்."