எனக்கு ஒரு இடம் தெரியும்

பெருநகரங்களில் எலி, கொசு, புறா இவற்றோடு சேர்ந்து பெருகிவரும் இன்னொரு ஜீவராசி உண்டு. பார்க்க உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். வெளியூரிலிருந்து யாராவது வந்து இறங்கினால் போதும், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிக்காட்டக் கிளம்பிவிடும். அதன் குரல் ஒன்றேதான். "இங்க வேணாம், எனக்கு ஒரு இடம் தெரியும்."

அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர் யாராவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை. போர்டு வைத்த கடைக்குள் இந்த ஜீவன் நுழையாது, ஏனென்றால் போர்டு வைத்த அன்றைக்கே ருசி போய்விட்டதாம். நாற்காலி போட்ட கடை, மெனு கார்டு உள்ள கடை, நீங்கள் பசியோடு ஏக்கமாகப் பார்க்கிற கடை, எல்லாமே வெளியூர்க்காரர்களை ஏமாற்றுவதற்காக வைத்தவை. அசல் கடை அடுத்த திருப்பத்தில் இருக்கிறது. முதலாளி நமக்கு ரொம்ப வேண்டியவர். இன்றைக்குப் பார்த்துக் கடை லீவு. அருங்காட்சியகம் பார்க்க ஆசைப்பட்டால் அதன் பின்பக்கச் சுவரைக் காட்டும். முன்பக்கத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்களே! வழி சொல்லும்போது, "பழைய தியேட்டர்கிட்ட லெஃப்ட்" என்று சொல்லும். தியேட்டரை இடித்துப் பத்து வருடம் ஆகிறது. இல்லாத தியேட்டரில் எப்படித் திரும்புவது என்று கேட்டுவிடாதீர்கள், கோபம் வந்துவிடும். வழியில் போகிறவரிடம் விசாரிக்கலாமே என்றால் மானம் போய்விடும்.

நம்மவரை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்க் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம். தினமும் அதே பஸ், அதே ஜன்னல் சீட், ஏறி உட்கார்ந்ததும் தூக்கம். ஊரைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் சாப்பாட்டு வேளையில் பேக்கிங் செக்‌ஷன்காரர்கள் பேசிக்கொண்டதுதான். ஆனாலும் சொந்தக்காரர்கள் அவருக்கு 'மேப்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு சனிக்கிழமை பகல் ரயிலில் அவருடைய அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். அவர்கள் மகள் அடுத்த மாதம் இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேரப்போகிறாள். அந்தப் பெண் வீட்டை விட்டுத் தனியாக இருக்கப்போவது இதுதான் முதல் தடவை. அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. ஊர் நடுவில் நிற்கும் மணிக்கூண்டின் உச்சியில் ஏறி, மகள் வேலை செய்யப்போகும் இடம் எது, தங்கப்போகும் விடுதி எது, ரயிலடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரே பார்வையில் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்குவேன் என்று போனிலேயே மூன்று தடவை சொல்லியிருந்தாள். சனிக்கிழமை மட்டும்தான் மேலே விடுவார்கள். அதுவும் நாலரை மணி வரை. ஏழு மணிக்குத் திரும்பும் ரயில்.

மணிக்கூண்டு ரயிலடியிலிருந்து நேர் ரோட்டில் பத்து நிமிட நடை. நேராகப் போய்விட்டால் தம்பி எதற்கு? சின்ன வயதில் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன அக்கா, அவள் முன்னால் ஒரு நாளாவது தான் பெரிய ஆளாக நடக்க வேண்டும் என்று மேப்புக்கு இருந்தது. பாவம், அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நேரா போனா என்னக்கா இருக்கு? முதல்ல சாப்பிடுவோம். எனக்கு ஒரு இடம் தெரியும்."

போனார்கள். வாட்டிய சோளம் மணத்தது, வேண்டாம் என்றார். மீன் பொரிகிற சத்தம் கேட்டது, எண்ணெய் சரியில்லை என்றார். பழச்சாற்றுக் கடையைத் தாண்டும்போது அத்தானின் கால்கள் தாமாகவே நின்றன. தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். சந்து, சந்துக்குள் சந்து, ஒரு மாடு, மறுபடியும் அதே மாடு. மணி இரண்டரை ஆனபோது ஒரு முடுக்கில் திரும்பினார்கள். மேப்புக்கு மெய்சிலிர்த்தது. போர்டு கிடையாது, நாற்காலி கிடையாது, தகரக் கொட்டகை வாசலில் முப்பது பேர் வரிசை!

அந்த முடுக்கை வாழ்நாளில் அன்றுதான் பார்க்கிறார். "நான் சொன்னேன்ல?" என்று வரிசையில் போய் நின்றார். அக்கா கால் வலிக்கிறது என்று தெருமுனைக்கு நழுவிவிட்டாள். அத்தான் முன்னால் நின்றவரிடம் இங்கே நன்றாக இருக்குமா என்று மெல்ல விசாரித்தார்.

"எங்கம்மாவுக்குப் போன வருஷம் இங்கதான். என்ன, ஒரு வாரம் தலைக்குக் குளிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அத்தான் மிரண்டுபோய் மேப்பைப் பார்த்தார். "காரம் அப்படி," என்றார் மேப்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனார்கள். வெள்ளை உடுப்புப் பெண் ஒருத்தி இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்துத் தலையைத் தூக்கச் சொன்னாள். சாப்பிடுவதற்கு இப்படியும் ஒரு முறை இருக்கும்போல என்று இருவரும் தூக்கினார்கள். கண்ணுக்கு இரண்டு சொட்டு. அரை மணி நேரம் மூடியே இருக்க வேண்டும், சாயங்காலம் வரை பார்வை மங்கலாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். அது இலவசக் கண் பரிசோதனை முகாம்.

"மச்சான், சாப்பாடு?" என்றார் அத்தான், மூடிய கண்களோடு.

"சாப்பாடு எங்க வேணா கிடைக்கும் அத்தான். இந்த மாதிரி கண் டாக்டர் இந்த ஊர்லயே கிடையாது. இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

அக்கா இதற்குள் தெருமுனையில் இரண்டு சோளக் கதிரைச் சாப்பிட்டு முடித்து, சோளம் விற்கிற பெண்ணிடமே மணிக்கூண்டுக்கு வழியும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். வந்து பார்த்தாள். திட்டவில்லை. மணி நாலு. தம்பியை ஒரு கையிலும் புருஷனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அப்போதும் மேப் சும்மா வரவில்லை. நாற்சந்தியில் கையை நீட்டி நின்ற உருவத்தைக் காட்டி நூறு வருடத்துச் சிலை என்றார். சிலை விசில் ஊதியது.

காவலாளி கதவைச் சாத்தப்போன நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். இருநூற்றுச் சொச்சம் படி, அக்காவுக்கு மூச்சு வாங்கியது. உச்சியில் ஒரே காற்று. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேப் வழக்கப்படி கையை நீட்டி, "அதோ பாருக்கா, ஆஸ்பத்திரி," என்றார். அவர் காட்டிய திசையில் ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் இருந்தது.

அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. அவள் தானே கண்டுபிடித்துவிட்டாள். "அந்தா இருக்கு. அடுத்த கட்டடந்தான் விடுதி, மொட்டைமாடியில துணி காயுது. பாலத்தைத் தாண்டினா ரயிலடி. இவ்வளவுதானா? ரயிலை விட்டு இறங்கினா கூப்பிடு தூரத்துல இருப்பாளே!" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

இரண்டு நிமிடம் தாமதமாகியிருந்தால் இந்த அழுகை வேறு அழுகையாகியிருக்கும், அதற்குத் தான் ஒருவர்தான் காரணம் என்று மேப்புக்கே உறைத்தது. பதினெட்டு வருடத்தில் அவரும் இங்கே ஏறியதில்லை. ஏறிய அன்றைக்கு எதிரில் இருந்ததெல்லாம் ஒரே வெள்ளைப் புகை.

"அக்கா, இந்த ஊரு மேலருந்து எப்படிக்கா இருக்கு? கொஞ்சம் சொல்லேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேப் ஒரு இடத்தில்கூடக் குறுக்கிட்டுத் திருத்தாமல் 'ம்' கொட்டிக் கேட்டார். குடும்பத்தில் யாரும் இதை இன்றுவரை நம்பவில்லை.

இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான். ஆனால் ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அக்கா படியேறி மூச்சு வாங்கியபோது, ஊரைப் பார்க்க மணிக்கூண்டு எதற்கு, அதைவிட நல்ல இடம் எனக்கு ஒன்று தெரியுமே என்று நினைத்தீர்களா, இல்லையா?